அட்டையின் இரு பக்கங்கள்: புகைப்படக் கலைஞரின் தொழில் அட்டை பற்றிய ஒரு சொற்பொழிவு

பேச்சுவழக்கில் விசிட்டிங் கார்ட் எனப்படும் தொழில் அட்டை உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சிறு பொருளே. ஆயினும் புகைப்படக் கலைஞர் ஒருவருடைய அட்டையில் படமெடுத்தல், எழுத்தமைத்தல், அச்சிடுதல் ஆகிய மூன்று தொழில்களும் ஒருங்கே வந்து சேர்வதால், பிற தொழிலாளரின் அட்டைகளுக்கு இல்லாத ஒரு சோதனை அதற்கு உண்டு. வழக்கறிஞரின் அட்டை அவருடைய வாதத்திறனைக் காட்டவேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை; மருத்துவரின் அட்டையைப் பார்த்து அவருடைய கைராசியை எவரும் அளப்பதில்லை. புகைப்படக் கலைஞரின் அட்டையோ, பார்ப்பவருடைய கண்ணுக்கு அவருடைய தொழிலின் முதல் மாதிரியாகவே அமைந்துவிடுகிறது. சட்டகத்துக்குள் எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்வதே அவருடைய தொழிலாக இருக்கையில், தம் பெயரைத் தாங்கிய அட்டைக்குள் எதை வைக்கவேண்டும் என்பதை அவர் அறியாதிருந்தால், மணமக்களின் பெற்றோர் அவரிடம் அல்பத்தை ஒப்படைக்கத் தயங்குவது இயல்பு.

வெள்ளவத்தையின் காலி வீதியிலும் அதிலிருந்து கடற்கரை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளிலும், கொட்டாஞ்சேனையின் ஜம்பட்டா வீதியிலும் அதைச் சூழ்ந்த தெருக்களிலும், திருமணம், பூப்புனித நீராட்டு விழா, நடன அரங்கேற்றம், ஞானஸ்நானம், முதல் நற்கருணை எனக் குடும்பங்களின் வாழ்வில் ஒருமுறையே வரும் நாள்களைப் படமெடுக்கும் கலைஞர்கள் பலர் தொழில் புரிகின்றனர். அவர்களுடைய அட்டைகளைக் கருத்தில் வைத்தே இச்சொற்பொழிவு அமைகிறது. இது நிறுவ முற்படும் கருத்து ஒன்றே: புகைப்படக் கலைஞரின் அட்டை, ஒரு குடும்பத்தின் நினைவுகளை வைத்திருப்பவர் யார், அவரைப் பல ஆண்டுகள் கழித்தும் எவ்வாறு தேடிக் கண்டடைவது என்பதைச் சொல்லும் ஆவணமாகும். அதை வடிவமைக்கும்போது எழும் அளவு, படம், எழுத்து, தாள் முதலிய எல்லாக் கேள்விகளுக்கும் இந்தக் கடமையிலிருந்தே விடை காணவேண்டும்.

படமும் அட்டையும் ஒன்றாக இருந்த காலம்

புகைப்படத்துக்கும் அட்டைக்கும் உள்ள உறவு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தொடங்கிவிட்டது. பாரிஸ் நகரப் படப்பிடிப்பாளரான அந்த்ரே அடோல்ஃப் யூஜீன் டிஸ்டெரி, 1854ஆம் ஆண்டு 'கார்ட் டி விசிற்' எனப்படும் சிறு படத்துக்குக் காப்புரிமை பெற்றார். அக்காலத்தில் மேல்தட்டினர் பிறர் வீட்டுக்குச் செல்லும்போது தம் பெயர் பொறித்த சந்திப்பு அட்டையைக் கொடுப்பது வழக்கம். டிஸ்டெரியின் படங்கள் அந்த அட்டையின் அளவை ஒத்திருந்தமையால் இப்பெயர் பெற்றன. ஒரே கண்ணாடித் தகட்டில் எட்டுப் படங்கள் வரை பதித்து, அவற்றை ஒரே தடவையில் தாளில் பிரதி செய்து, வெட்டி, ஏறத்தாழ இரண்டரை அங்குல அகலமும் நான்கு அங்குல உயரமும் கொண்ட தடித்த அட்டைகளில் ஒட்டுவதே அவருடைய முறை. ஒரு தகட்டின் செலவு எட்டுப் படங்களுக்குப் பகிரப்பட்டதால் விலை வெகுவாகக் குறைந்தது. 1860களில் ஐரோப்பாவெங்கும் நடுத்தரக் குடும்பத்தினரும் தம் படங்களை எடுத்து உறவினரோடு மாற்றிக்கொள்ளவும் அல்பங்களில் சேர்த்துவைக்கவும் தொடங்கினர்.

தொழில் அட்டை பற்றிய ஆய்வுக்கு இப்படங்களின் முன்பக்கத்தைக் காட்டிலும் பின்பக்கமே முக்கியமானது. அங்கே ஸ்ரூடியோவின் பெயரும் தெருவும் நகரமும் அழகிய எழுத்துகளில் அச்சிடப்பட்டிருந்தன. பரிசுகள் பெற்றிருந்தால் அவற்றின் சின்னங்கள் இடம்பெற்றன. மூலத்தகடு பாதுகாத்து வைக்கப்பட்டுள்ளது, வேண்டும்போது மேலும் பிரதிகள் பெறலாம் என்ற அறிவிப்பும் பல அட்டைகளில் காணப்பட்டது. அத்தகட்டின் எண்ணைப் பணியாளர் மையால் எழுதிக்கொடுப்பதும் உண்டு. வாடிக்கையாளர் தம் முகத்தைப் பார்க்கப் படத்தை எடுக்கும்போதெல்லாம், அதை எடுத்தவரின் முகவரியும் அவருடைய கைக்கு வந்தது. அப்படத்தை உறவினருக்குக் கொடுத்தால் முகவரியும் கூடவே சென்றது. தனியாக விளம்பரம் எதுவும் தேவைப்படாத அளவுக்குப் பொருளும் அதன் முகவரியும் பிரிக்கமுடியாதபடி ஒன்றாகிவிட்டிருந்தன.

கொழும்பில் அச்சுத்தொழிலும் படப்பிடிப்புத் தொழிலும் ஒரே குடும்பத்துக்குள் சந்தித்த வரலாறும் உண்டு. இலங்கை அரசாங்க அச்சகராகப் பணியாற்றிய வில்லியம் ஸ்கீன் 1860களில் இங்கு இயங்கிவந்த ஒரு படப்பிடிப்பு நிலையத்தை வாங்கினார். இலண்டனில் படப்பிடிப்புக் கற்றுவந்த அவருடைய மகன் வில்லியம் லூயிஸ் ஹென்றி ஸ்கீன் அதை ஏற்று நடத்தி, தம் பெயரிலேயே புகழ்பெற்ற நிறுவனமாக வளர்த்தார். அச்சுக்கூடத்தின் ஒழுங்கும் ஸ்ரூடியோவின் கலையும் ஒரு வீட்டில் கூடின என்பது தற்செயலாயினும் பொருத்தமானது. 1870களில் கண்டியில் சார்ள்ஸ் ஸ்கோவனின் படப்பிடிப்பு நிறுவனம் இயங்கியது. 1890இல் தொடங்கப்பட்ட பிளாற்றே நிறுவனம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக் காட்சிகள் கொண்ட தபாலட்டைகளைப் பெருமளவில் வெளியிட்டது. கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய பயணி வாங்கி அனுப்பிய அட்டையில் அச்சாகியிருந்த நிறுவனத்தின் பெயர், கடல் கடந்து பல நாட்டு வீடுகளுக்குள் நுழைந்தது. படத்தோடு பெயர் பயணம் செய்யவேண்டும் என்ற கொள்கையை அக்காலத்து நிறுவனங்கள் எவரும் சொல்லிக்கொடுக்காமலே கடைப்பிடித்திருந்தன.

இன்றோ படம் கைத்தொலைபேசியில் ஒரு பக்கமும், முகவரி சட்டைப்பையில் மறுபக்கமுமாகப் பிரிந்துகிடக்கின்றன. வட்ஸ்அப்பில் பகிரப்படும் திருமணப் படம் அதை எடுத்தவரின் பெயரின்றியே றொரன்ரோவரை சென்றுவிடுகிறது. பிரிந்துபோன இவ்விரண்டையும் மீண்டும் இணைப்பதே தற்காலத் தொழில் அட்டையின் முதற்பணியாகும்.

முகவரியும் மொழியும்

அட்டையில் இடம்பெறவேண்டிய செய்திகள் மிகச் சிலவே: பெயர், செய்யும் படப்பிடிப்பின் வகை, தொலைபேசி எண், முகவரி, படங்களைப் பார்க்கக்கூடிய ஓர் இணைய முகவரி. திருமணம், பிறந்தநாள், கடவுச்சீட்டுப் படம், வீடியோ, ட்ரோன், அல்பம், சட்டகம், லேமினேற்றிங், ஒளிநகல் என்று செய்யக்கூடிய அனைத்தையும் அடுக்கும் அட்டை, எதில் தேர்ச்சி உண்டு என்ற கேள்விக்கு மட்டும் விடை தருவதில்லை. கடவுச்சீட்டுக்கும் தேசிய அடையாள அட்டைக்கும் படமெடுக்க அரச திணைக்களங்களின் அங்கீகாரம் பெற்ற ஸ்ரூடியோ தன் அட்டையில் அதைத் தெளிவாகக் குறிப்பது நியாயமானது. ஏனெனில் அப்படத்துக்காக வருபவர் முதலில் தேடுவது அந்த அங்கீகாரத்தையே. ஆனால் அதே ஸ்ரூடியோ திருமணப் படப்பிடிப்பிலும் பெயர்பெற விரும்பினால், இரண்டையும் ஓர் அட்டையில் திணிப்பதைவிட இரண்டு அட்டைகள் அச்சிடுவது நல்லது. அவசரமாகக் கடவுச்சீட்டுப் படம் எடுக்க வந்தவரும், ஆறு மாதங்களுக்கு முன்பே மகளின் திருமணத்துக்கு ஆள் தேடும் தாயும் ஒரே கண்ணோடு அட்டையைப் பார்ப்பதில்லை.

முகவரி எழுதுவதில் கொழும்புக்கே உரிய சில நுணுக்கங்கள் உண்டு. வெள்ளவத்தை கொழும்பு 6 என்றும் கொட்டாஞ்சேனை கொழும்பு 13 என்றும் குறிக்கப்படுவதால், ஊர்ப்பெயரோடு இந்த எண்ணையும் சேர்த்தெழுதுவது தேவை. பல ஒழுங்கைகளுக்கு எண்ணால் அமைந்த பழைய பெயரும், பின்னர் சூட்டப்பட்ட புதிய பெயரும் ஒருங்கே வழக்கில் உள்ளன. கொழும்புத் தமிழ்ச் சங்கம் அமைந்துள்ள 57ஆவது ஒழுங்கைக்கு உருத்திரா மாவத்தை என்ற பெயரும் உண்டு. கொட்டாஞ்சேனைத் தெரு ஜோர்ஜ் ஆர். டி சில்வா மாவத்தையாகப் பெயர் மாறிய பின்னரும் பழைய பெயரைச் சொல்வோர் இருக்கின்றனர். முச்சக்கரவண்டி ஓட்டுநர் ஒரு பெயரையும், வரைபடச் செயலி மற்றொரு பெயரையும் அறிந்திருக்கக்கூடும். ஆதலால் இரண்டையும் தந்து, அருகிலுள்ள கோயில், தேவாலயம், சந்தை போன்ற ஓர் அடையாளத்தையும் ஒரு வரியில் சேர்ப்பது, அலங்காரக் கோடுகளுக்குச் செலவாகும் இடத்தைப் பயனுள்ளதாக்கும்.

தொலைபேசி எண்ணை நாட்டுக் குறியீட்டோடு, அதாவது 0 என்பதை நீக்கி +94 என்று தொடங்கி எழுதவேண்டும். கொழும்பில் நடக்கும் தமிழ்த் திருமணங்களுக்கான ஏற்பாடுகளை இலண்டனிலும் மெல்பேர்ணிலும் இருந்தபடியே செய்வோர் பலராக இருக்கையில், உள்நாட்டு முறையில் எழுதிய எண்ணை அவர்கள் தம் கைபேசியில் சேமித்து வட்ஸ்அப்பில் தேடினால் அது அகப்படாமல் போகலாம். எண்ணின் இலக்கங்களை இரண்டும் மூன்றும் நான்குமாகப் பிரித்து இடைவெளி விட்டெழுதினால், வாசித்துச் சொல்பவரும் கேட்டு எழுதுபவரும் தவறுவதில்லை.

மொழியைப் பொறுத்தவரை, 1987இல் நிறைவேறிய பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக வைத்தது. சட்டம் தொழில் அட்டையைக் கட்டுப்படுத்துவதில்லை. எனினும் கொட்டாஞ்சேனை போன்று தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் பகுதியில் மும்மொழி அட்டைக்குத் தேவை உண்டு. மூன்று மொழிகளிலும் எல்லாச் செய்திகளையும் திருப்பிச் சொன்னால் அட்டை அறிவித்தற் பலகையின் தோற்றத்தைப் பெற்றுவிடும். பெயரையும் தொழிலையும் மட்டும் மூன்று மொழிகளிலும் எழுதி, எண்ணையும் இணைய முகவரியையும் பொதுவாக ஒருமுறை தருவதே போதுமானது. சிங்கள எழுத்தில் தமிழ்ப் பெயரை எழுதும்போது அம்மொழி அறிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்ப்பது அடிப்படை மரியாதையாகும்.

சிறு பரப்பில் ஒரு படம்

அட்டையில் படம் வேண்டுமா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. நன்றாக அமைந்த பெயரெழுத்தே ஒரு கலைஞரின் முத்திரையாகிவிடுவதும் உண்டு. பாரிஸ் படப்பிடிப்பாளரான நாடார் தம் கையொப்பத்தையே ஸ்ரூடியோவின் சின்னமாக்கி, அதையே கட்டடத்தின் முகப்பிலும் பொறித்தார். படம் சேர்ப்பதாயின், சேர்க்கும் படம் அட்டையின் அளவுக்கென்றே தெரிவு செய்யப்படவேண்டும். இன்று இங்கு அச்சிடப்படும் அட்டைகள் பெரும்பாலும் 90 மில்லிமீற்றர் நீளமும் 50 முதல் 55 மில்லிமீற்றர் வரை அகலமும் உடையவை. பத்துப் பேர் ஒரு வரிசையில் நிற்கும் குடும்பப் படத்தை அந்த நீளம் முழுவதிலும் பரப்பினால் ஒருவருக்குக் கிடைப்பது 9 மில்லிமீற்றர். முகமோ 4 மில்லிமீற்றரைத் தாண்டாது. மணவறை முழுவதையும் காட்டும் படம் அல்பத்தில் கம்பீரமாக இருந்தாலும், அட்டையில் பூக்களும் புள்ளிகளுமாகக் கலங்கிவிடும். தாலிக்கொடியைப் பிடித்திருக்கும் கைகள், கூறைச் சேலையின் கரையில் விழும் ஒளி, மெழுகுதிரியை ஏந்திய குழந்தையின் முகம் என்று ஒரே பொருளை அருகில் நின்று எடுத்த படமே அந்தச் சிறு பரப்பில் நிலைத்து நிற்கும். அட்டையைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்க்கும்போது படத்தின் பொருள் உடனே புலப்படவில்லை என்றால் வேறு படத்தைத் தேடவேண்டும்.

அச்சின் இயல்பும் இங்கு கவனத்துக்குரியது. கணினித் திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளால் நிறத்தை உண்டாக்குகிறது; அச்சியந்திரமோ சயன் எனப்படும் பசுநீலம், மெஜென்ரா எனப்படும் செந்நிறம், மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளால் அதைத் தாளில் உண்டாக்குகிறது. ஒளியால் காட்டக்கூடிய எல்லா நிறங்களையும் மையால் காட்ட இயலாது. மேலும் மைப்புள்ளிகள் தாளில் சற்றுப் பரவுவதால் நிழற்பகுதிகள் திரையில் தெரிந்ததைவிட இருண்டுவிடுகின்றன. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் புதுக்கிய கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலின் தூண்களைப் பின்னணியாகக் கொண்டு எடுத்த மணமக்கள் படம், திரையில் கல்லின் செதுக்கலையெல்லாம் காட்டியபோதிலும், நிழற்பகுதிகளை முன்கூட்டியே வெளிறச் செய்யாவிடில் அட்டையில் வெறும் கறுப்புத் திரையாகவே வந்துசேரும்.

தோலின் நிறத்துக்கு இதைவிடவும் கூடிய கவனம் தேவை. மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் மஞ்சளும் செந்நிறமும் நெருங்கிய அளவில் கலக்கவேண்டும். பசுநீல மை அளவுக்கு மிஞ்சினால் முகம் சாம்பல் பூசியதுபோல் உயிரிழக்கும். கொடாக் நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆய்வுகூடங்களுக்கு வழங்கிய, 'ஷேர்லி' அட்டைகள் எனப்பட்ட நிறச் சோதனைப் படங்கள் நெடுங்காலம் வெள்ளைநிறப் பெண்களையே மாதிரியாகக் கொண்டிருந்தன என்பதும், அதனால் பிற நிறத்தவரின் முகங்கள் படங்களில் சரிவர அமையவில்லை என்பதும் புகைப்பட வரலாற்றில் பதிவாகியுள்ளன. நம்மவரின் முகநிறத்தை உள்ளபடி அச்சில் கொண்டுவருவது அழகு பற்றிய விடயம் மட்டுமன்றித் தன்மதிப்பு பற்றியதும் ஆகும். முகத்தை வெளுப்பாக்கிக் காட்டும் அட்டை, அக்கலைஞர் தம் வாடிக்கையாளரை எப்படிப் பார்க்கிறார் என்பதையே வெளிப்படுத்திவிடுகிறது.

அட்டையில் இடம்பெறும் முகத்துக்கு உரியவரிடம் எழுத்தில் அனுமதி பெறுவது கட்டாயம். தம் திருமணப் படம் நூற்றுக்கணக்கான அந்நியரின் பைகளில் இருப்பதை எல்லா மணப்பெண்களும் விரும்புவதில்லை. பூப்புனித நீராட்டு விழாப் படங்களிலோ இந்தப் பொறுப்பு இரட்டிப்பாகிறது. கைகளையும் அணிகளையும் காட்டும் படத்தைத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

தமிழ் எழுத்தும் அச்சுக்கூடமும்

இலங்கைத் தமிழ் அச்சுத்துறையில் பாமினி என்னும் எழுத்துரு நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. அது ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்து அமைத்த பழைய முறையைச் சார்ந்தது. ஒருங்குறி எனப்படும் யூனிக்கோட் முறையோ தமிழின் அடிப்படை எழுத்துகளுக்கும் துணைக்குறிகளுக்கும் உலகப் பொதுவான தனிக்குறியீடுகளைத் தருகிறது. கைபேசியில் தட்டெழுதி அனுப்பிய பெயர் ஒருங்குறியில் இருக்கும். அச்சகத்தின் பழைய மென்பொருளோ அதை ஏற்காமல், 'கொ' என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் இடம்மாற்றிப் போட்டுவிடக்கூடும். பாமினியில் அமைத்த கோப்பு அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறக்கப்பட்டால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். எழுத்துகளை வளைகோட்டு வடிவங்களாக மாற்றிய பின் பீடிஎஃப் கோப்பாக அச்சகத்துக்கு அனுப்பினால் இவ்விரு இடர்களும் நீங்கும். அச்சுக்கு முன் ஒரு தாள்படியைப் பெற்று, தமிழ் வாசிக்கக்கூடிய ஒருவர் அதை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்ப்பதும் அவசியம்.

எழுத்தின் அளவிலும் தமிழுக்கென்று தனிக் கணக்கு உண்டு. ண, ஞ, ஐ, இ போன்ற எழுத்துகளின் சுழிகள் மிகச் சிறிய அளவில் மையால் அடைபட்டுவிடுகின்றன. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக அமைத்தால் இது இன்னும் மோசமாகும். ஆங்கிலத்தில் 6 புள்ளி அளவில் வாசிக்கமுடிந்த வரி தமிழில் 8 புள்ளியாவது கேட்கும். மேலே விசிறியும் கீழே சுழியும் நீளும் எழுத்துகளுக்காக வரிகளின் இடைவெளியையும் கூட்டவேண்டும். இவ்வளவு இடத்தையும் தமிழுக்குக் கொடுப்பதற்காகப் பிறவற்றைக் குறைப்பதே வடிவமைப்பாளரின் கடமை. தமிழைச் சுருக்கி ஒரு மூலையில் ஒதுக்குவது தமிழ் வாடிக்கையாளரை நம்பித் தொழில் செய்பவருக்குப் பொருந்தாது.

அச்சுக்கூடத்துக்குச் செல்லும் கோப்பில் படம் அட்டையின் விளிம்புக்கு அப்பாலும் ஒவ்வொரு பக்கத்திலும் 3 மில்லிமீற்றர் நீண்டிருக்கவேண்டும். வெட்டும் இயந்திரத்தின் கத்தி ஒரு நூலிழை விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக்கோடு தோன்றாமல் இருப்பதற்கே இந்த ஏற்பாடு. அதே காரணத்தால் பெயரும் எண்ணும் விளிம்பிலிருந்து உள்நோக்கி 4 அல்லது 5 மில்லிமீற்றராவது தள்ளியிருக்கவேண்டும். 90க்கு 55 மில்லிமீற்றர் அட்டையில் முழுப்பரப்புப் படம் அச்சாக, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற வழக்கமான அடர்த்தியில், விளிம்புக்கு அப்பாலுள்ள நீட்சியைச் சேர்க்காமலே ஏறத்தாழ 1063க்கு 650 புள்ளிகள் தேவை. இது எந்தக் கமராவுக்கும் எளிய அளவாயினும், முகநூலிலிருந்தோ வட்ஸ்அப்பிலிருந்தோ இறக்கிய, சுருக்கப்பட்ட படத்தைக் கொடுப்பவர்கள் இதனால்தான் ஏமாற்றமடைகின்றனர். 12க்கு 18 அங்குலத் தாளொன்றில் இத்தகைய அட்டைகள் 21 வரை அடங்கும்; டிஸ்டெரி தம் தகட்டில் எட்டுப் படங்களை அடக்கிச் செலவைப் பகிர்ந்த அதே கணக்கே இன்றைய அச்சகரின் மேசையிலும் நடக்கிறது.

தாளும் பின்பக்கமும்

அட்டையின் உடல் தாளே. சதுர மீற்றருக்கு 300 முதல் 350 கிராம் எடையுள்ள ஆர்ட் போர்ட் எனப்படும் மினுக்கு அட்டையே இங்கு பரவலாகப் பயன்படுகிறது; அதன்மேல் மெல்லிய பிளாஸ்ரிக் படலம் ஒட்டுவதை லேமினேற்றிங் என்பர். பளபளக்கும் படலம் நிறங்களை எடுப்பாகக் காட்டும், ஆனால் விரல் அடையாளத்தையும் விளக்கொளியையும் வாங்கிக்கொள்ளும். மங்கல் படலம் கைக்கு மென்மையாகவும் கண்ணுக்கு அமைதியாகவும் இருக்கும். ஒரு பக்கத்துக்கு மட்டும் படலம் ஒட்டினால், மறுபக்கத் தாள் ஈரத்தை உறிஞ்சி விரிவதால் அட்டை வளையக்கூடும். கடலை அடுத்துள்ள வெள்ளவத்தையின் ஈரக்காற்றில் இந்த வளைவு விரைவாகவே தோன்றும். ஆனால் இரு பக்கமும் படலமிட்டால் பேனாவால் எழுதமுடியாது. ஆகவே புகைப்படக் கலைஞருக்கு மிகப் பொருத்தமானது படலமே இல்லாத, சற்றுத் தடித்த, மினுக்கற்ற தாளில் அச்சிட்ட அட்டை, அல்லது முன்பக்கம் மட்டும் மினுக்குப் பூச்சும் பின்பக்கம் எழுதக்கூடிய வெறுந்தாளும் கொண்ட அட்டையாகும்.

பின்பக்கத்தில் எழுதமுடியவேண்டும் என்பதை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம், கார்ட் டி விசிற்றின் பின்பக்கம் கற்றுத்தந்த பாடமே. நிகழ்வின் பெயர், நாள், மண்டபம், ஸ்ரூடியோ தன் கோப்புகளை அடுக்கிவைத்துள்ள வரிசையெண் ஆகிய நான்கையும் எழுதுவதற்கு நான்கு மெல்லிய கோடுகள் போதும். அல்பத்தை ஒப்படைக்கும்போது இந்தக் கோடுகளை நிரப்பி, அட்டையை அல்பத்தின் பின்னட்டையின் உட்புறத்தில் ஒரு சிறு உறைக்குள் வைத்துக்கொடுத்தால், பதினைந்து ஆண்டுகள் கழித்து அந்த வீட்டுப் பிள்ளை தன் பெற்றோரின் படமொன்றைப் பெரிதாக்க விரும்பும்போது, யாரை அழைப்பது, எந்த எண்ணைச் சொல்வது என்பதற்கு விடை அல்பத்திலேயே இருக்கும். இந்த வாக்குறுதியை அட்டையில் எழுதுபவர் கோப்புகளைக் காக்கவும் வேண்டும். ஒரே வன்தட்டில் வைத்துவிட்டு அது பழுதானபின் வருந்துவதைத் தவிர்க்க, வேறு வேறு இடங்களில் இரண்டு பிரதிகளாவது வைத்திருக்கவேண்டும். எத்தனை ஆண்டுகள் காப்போம் என்ற காலவரையறையையும் அட்டையிலேயே நேர்மையாக அச்சிடலாம்.

கியூஆர் குறியீடு எனப்படும் சதுரக் குறியீட்டையும் பின்பக்கத்திலேயே அமைக்கலாம். ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் 1994இல் உருவான இக்குறியீடு, பிழை திருத்தும் திறனின் உச்ச நிலையில் தன் பரப்பில் ஏறத்தாழ 30 சதவீதம் சிதைந்தாலும் வாசிக்கப்படக்கூடியது. இரண்டு சென்ரிமீற்றருக்குக் குறையாத அளவும், சுற்றிலும் வெற்றிடமும், வெளிர்பரப்பில் கருநிறமும் அதற்குத் தேவை. பொன்னிறத் தகட்டில் அச்சிட்டால் ஒளி தெறித்து வாசிக்கமுடியாமல் போகலாம். குறியீடு சுட்டும் இணைய முகவரி பிறருடைய இலவசச் சேவையாக இருந்தால் அச்சேவை நிற்கும் நாளில் அட்டையும் ஊமையாகிவிடும். ஆதலால் சொந்த இணைய முகவரிக்கே குறியீட்டை அமைத்து, அதன்கீழ் அந்த முகவரியை எழுத்திலும் தருவது பாதுகாப்பானது.

ஆவணமாகும் அட்டை

இச்சிறு பொருளுக்கு இவ்வளவு கவனம் தேவையா என்று கேட்போருக்கு, கொழும்புத் தமிழரின் அண்மைக்கால வரலாறே விடை சொல்கிறது. 1983 யூலை வன்செயல்களில் வெள்ளவத்தை உள்ளிட்ட கொழும்பின் பல பகுதிகளில் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டபோது, குடும்பங்களின் அல்பங்களும் அவற்றோடு எரிந்தன. பின்வந்த போரும் இடப்பெயர்வுகளும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் மேலும் எண்ணற்ற வீடுகளை அவற்றின் படங்களிலிருந்து பிரித்தன. வெளிநாட்டு உறவினருக்கு முன்னரே அனுப்பிவைத்த ஒரு பிரதியோ, ஸ்ரூடியோவில் எஞ்சிய ஒரு நெகற்றிவோதான் இறந்துபோன ஒருவரின் ஒரே முகமாக மிஞ்சிய குடும்பங்கள் உண்டு. அத்தகைய பிரதியின் பின்புறத்தில் ஸ்ரூடியோவின் முத்திரை இருந்தால், படம் எங்கே எடுக்கப்பட்டது என்று சொல்லவும், எப்போது என்று மதிப்பிடவும் வழி பிறக்கிறது. கொழும்பின் தொலைபேசிக் குறியீடு 01 என்பதிலிருந்து 011 ஆக மாறியது இந்நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் என்பதை அறிந்தவர், முத்திரையிலுள்ள ஆறிலக்க எண் ஒன்றைக் கொண்டே அது அதற்கு முந்தியது என்று துணியலாம்.

தமிழ்நாட்டில் 1880 முதல் 1980 வரையான ஸ்ரூடியோப் படங்களைப் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரித்தானிய நூலகத்தின் ஆதரவோடு எண்ணிமப்படுத்தியுள்ளது. இலங்கைத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம், நூல்களோடு நினைவு மலர்களையும் சிறு பிரசுரங்களையும் பேணிவருகிறது. இத்தகைய முயற்சிகளுக்கு ஸ்ரூடியோக்களின் பெயர், முகவரி, இயங்கிய காலம் ஆகிய செய்திகள் அடித்தளமானவை. அவற்றைத் தரக்கூடிய மிக எளிய சான்று தொழில் அட்டையே. ஆகையால் ஒவ்வொரு ஸ்ரூடியோவும் தான் அச்சிடும் ஒவ்வொரு அட்டையிலும் அச்சிட்ட ஆண்டைச் சிறிய எழுத்தில் குறிப்பதையும், ஒவ்வொரு பதிப்பிலும் சில அட்டைகளை எடுத்துவைத்து ஆவணகம் ஒன்றுக்கு வழங்குவதையும் வழக்கமாக்கிக்கொள்ளவேண்டும். அதற்கு ஆகும் செலவு எதுவுமில்லை.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அடுத்த அட்டையை அச்சிடப்போகும் கலைஞர், எந்த நிறம், எந்த வடிவம் என்று தொடங்குவதற்கு முன்னர், இருபது ஆண்டுகள் கழித்து இந்த அட்டையைக் கையில் எடுப்பவர் தம்மைக் கண்டடைய முடியுமா என்ற கேள்வியைக் கேட்டுக்கொள்ளவேண்டும். இக்கேள்விக்கு ஆம் என்று சொல்லக்கூடிய அட்டையில் பெயர் தெளிவாக இருக்கும், தமிழ் வாசிக்கக்கூடியதாக இருக்கும், முகவரி முழுமையாக இருக்கும், பின்பக்கத்தில் எழுத இடம் இருக்கும். இத்தனையும் அமைந்தபின் அழகைத் தனியே தேடிச் சேர்க்கவேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. தன் கடமையைச் சரியாகச் செய்யும் அட்டையே வாடிக்கையாளருக்கு நம்பிக்கையையும் கலைஞருக்கு நற்பெயரையும் ஈட்டித்தரும்.